இரவல் மனையில் எழுந்த தோட்டங்கள்

நியூயார்க் நகரின் சமுதாயத் தோட்டங்கள் பெரும்பாலும் இடிந்த கட்டடங்களின் மனைகளில் எழுந்தவை. மாநகராட்சியின் கிரீன்தம்ப் திட்டத்தின் கீழ் இன்று 550-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. விதைப்பது, களையெடுப்பது, வேலியைப் பழுதுபார்ப்பது, வாயிற்கதவைத் திறந்து வைப்பது எல்லாம் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களின் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு தோட்டத்தில் காய்கறி மிகுதி, இன்னொன்றில் பூவும் மூலிகையும், வேறொன்றில் மரங்கள். செடிகொடியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் தெருவிலிருந்து உள்ளே வந்து, பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டு போகலாம் என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. இந்த ஏற்பாடு எளிதில் வந்ததல்ல. நெருக்கடி வந்தபோதெல்லாம் ஏழைகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிலத்தை இரவல் கொடுப்பதும், நெருக்கடி தீர்ந்ததும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அமெரிக்க நகரங்களின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்துக்கு மக்கள் உடன்பட மறுத்த இடங்களில் முக்கியமானது நியூயார்க்.

வழக்கத்தின் தொடக்கம் டெட்ராய்ட் நகரில். 1893-ல் அமெரிக்காவை உலுக்கிய பொருளாதாரச் சரிவில் ஆலைகள் மூடப்பட்டன; புதிதாகக் குடியேறியிருந்த தொழிலாளர்கள் வேலையிழந்தனர். செருப்பு உற்பத்தியில் பொருள் ஈட்டி மேயரான ஹேசன் பிங்ரீ, விலை ஏறட்டும் என்று உரிமையாளர்கள் சும்மா போட்டிருந்த காலி மனைகளை 1894-ல் கேட்டு வாங்கி ஏழைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். உருளைக்கிழங்கும் அவரையும் பயிராயின. முதலில் கேலி பேசிய நகரம் அறுவடைக்குப் பின் வாயடைத்துப் போனது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டி உட்படப் பல ஊர்கள் இதைப் பின்பற்றின. ஆனால் நிலம் இரவல்தான். உரிமையாளர் கேட்டால் காலி செய்துவிட வேண்டும். பொருளாதாரம் நிமிர்ந்ததும் பெரும்பாலான மனைகளில் கட்டடங்கள் எழுந்தன.

செடி வளர்ப்பதை உணவுக்காக மட்டுமல்லாமல் கல்விக்காகவும் நடத்தலாம் என்ற எண்ணம் நியூயார்க்கில் வேரூன்றியது 1902-ல். மன்ஹாட்டனின் மேற்குக் கரையில், துறைமுகத் தொழிலாளர்களும் கசாப்புக் கூடத் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், டிவிட் கிளின்டன் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலம் கல்லும் குப்பையுமாகக் கிடந்தது. ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ் என்ற பெண்மணி பூங்காத் துறையின் அனுமதி பெற்று அதன் ஒரு பகுதியைக் குழந்தைகளின் பள்ளிப் பண்ணையாக மாற்றினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி. முள்ளங்கி, கேரட், பீட்ரூட், வெங்காயம், மக்காச்சோளம் ஆகியவற்றை விதைத்து, நீரூற்றி, பறித்து, வீட்டுக்கு எடுத்துச் செல்வது வரை அந்தப் பிள்ளையின் பொறுப்பு. மாடிக் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக் கேரட் மண்ணுக்குள் விளைவது கூடச் செய்தியாக இருந்த காலம் அது. பார்சன்ஸின் முறை நாடெங்கும் பேசப்பட்டது. புரூக்லின் தாவரவியல் பூங்கா 1914-ல் எலன் எடி ஷாவின் பொறுப்பில் குழந்தைகள் தோட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. பார்சன்ஸின் பண்ணைக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. 1930-களில் மேற்குக் கரையில் நெடுஞ்சாலைப் பணி வந்தபோது பண்ணை போய்விட்டது. குழந்தைகள் தோட்டம் தாவரவியல் பூங்காவின் வளாகத்துக்குள் நின்றது, பள்ளிப் பண்ணை அனுமதியில் நின்றது. இரண்டின் விதியும் அங்கேயே பிரிந்துவிட்டது.

இரண்டு உலகப் போர்களும் தோட்டங்களுக்குப் பெரும் எழுச்சியைத் தந்தன. முதல் போரின்போது பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு 'பள்ளித் தோட்டப் படை' ஒன்றை அமெரிக்க அரசின் கல்விப் பணியகம் திரட்டியது. இரண்டாம் போரின்போது 'வெற்றித் தோட்டங்கள்' ஏறத்தாழ 2 கோடியை எட்டியதாகவும், நாட்டின் காய்கறியில் 40 விழுக்காடு வரை அவை தந்ததாகவும் அன்றைய மதிப்பீடுகள் கூறின. எப்படி விதைப்பது, எந்தப் பூச்சிக்கு என்ன செய்வது என்று துண்டறிக்கைகளும் வானொலிப் பேச்சுகளும் வந்துகொண்டே இருந்தன. போர் முடிந்ததும் அரசு ஆதரவு நின்றது, தோட்டங்களும் மறைந்தன. பாஸ்டன் நகரின் ஃபென்வே பகுதியில் 1942-ல் தொடங்கிய வெற்றித் தோட்டம், தோட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து காத்ததால் ஏழு ஏக்கரில் இன்றும் இருக்கிறது. அப்படித் தப்பியவை மிகச் சில.

1950-களிலிருந்து வசதி படைத்தவர்கள் நியூயார்க்கை விட்டுப் புறநகர்களுக்குப் போகத் தொடங்கினர். கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவினரும் வாழ்ந்த பகுதிகளில் வங்கிகள் கடன் தர மறுத்தன. வாடகையை விடப் பராமரிப்புச் செலவு கூடியபோது உரிமையாளர்கள் கட்டடங்களைக் கைவிட்டனர். சிலர் காப்பீட்டுத் தொகைக்காகத் தீ வைத்தனர். வரி கட்டாத மனைகள் ஒவ்வொன்றாக மாநகராட்சியின் கைக்கு வந்தன. 1975-ல் மாநகராட்சியே திவாலாகும் நிலையை அடைந்தது. தெற்கு பிராங்க்ஸ், புரூக்லினின் பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்ட், மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு ஆகிய பகுதிகளில் செங்கல் குவியலும் உடைந்த கண்ணாடியும் நிறைந்த மனைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன.

இந்தச் சிதைவின் நடுவே மரங்களைப் பற்றி யோசித்தவர் ஹாட்டி கார்த்தன். பெட்ஃபோர்டு-ஸ்டைவெசன்ட்டில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி. 1960-களின் நடுவில், அறுபது வயதைக் கடந்த பிறகு, தம் தெருவாசிகளைச் சங்கமாகச் சேர்த்து மரம் நடத் தொடங்கினார். பணம் திரட்ட நடத்திய தெரு விருந்துக்கு மேயர் ஜான் லிண்ட்சேவை அழைத்தார், மேயரும் வந்தார். மக்கள் நான்கு மரம் வாங்கினால் மாநகராட்சி ஆறு மரம் தரும் என்ற ஏற்பாடு பின்னர் உருவாயிற்று. அவர் முயற்சியில் நட்டவை 1,500-க்கும் மேல். லஃபாயெட் அவென்யூவில், 1885-ஐ ஒட்டி வட கரோலினாவிலிருந்து கன்றாக வந்து வளர்ந்த மாக்னோலியா கிராண்டிஃப்ளோரா மரம் ஒன்று நின்றது. வெப்பமான தென் மாநிலங்களின் மரம் அது. நியூயார்க்கின் குளிரில் இவ்வளவு பெரிதாக வளர்வது அரிது. பின்னால் இருந்த வீடுகளின் சுவர் வாடைக்காற்றைத் தடுத்ததே அது பிழைத்ததற்குக் காரணம். அந்த வீடுகளை இடிக்க ஏற்பாடு நடந்தபோது மரத்தோடு சேர்த்து வீடுகளையும் காக்க வேண்டும் என்று கார்த்தன் வாதாடினார். 1970-ல் மரம் பாதுகாக்கப்பட்ட நகரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் அமைத்த சிறுவர் மரப் படையில், தெரு மரத்துக்கு எவ்வளவு நீர் வேண்டும், வேரைச் சுற்றி மண்ணை எப்படிக் கிளறுவது என்று பிள்ளைகள் கற்றனர். மரம் நடுவதோடு நிற்காமல், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒரு தலைமுறையையும் அவர் உருவாக்கினார். பின்னால் வந்த தோட்டங்களின் சாரமே அதுதான்.

சமுதாயத் தோட்டங்களின் தொடக்கமென்று பரவலாகச் சொல்லப்படும் ஆண்டு 1973. லோயர் ஈஸ்ட் சைடில் வாழ்ந்த ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் தங்களைக் 'கிரீன் கெரில்லாஸ்' என்று அழைத்துக்கொண்டனர். வேலியிட்ட காலி மனைகளுக்குள் விதையும் உரமும் அடைத்த உருண்டைகளை வீசினர். சாலை நடுவிலிருந்த மண்திட்டுகளில் சூரியகாந்தி விதைத்தனர். கைவிட்ட கட்டடங்களின் ஜன்னல்களில் பூத்தொட்டி வைத்தனர். பிறகு பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் குப்பைமேடாகக் கிடந்த ஒரு மனையில் இறங்கினர். குப்பையை அகற்றி, மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, வேலி போட்டனர். மாநகராட்சியின் வீட்டுவசதித் துறை 1974-ல் அந்த மனையை மாதம் 1 டாலர் வாடகைக்கு விட்டது. முதலாம் ஆண்டில் 60 உயர்த்திய பாத்திகளில் காய்கறி நட்டனர். பின்பு மரங்களும் பூச்செடி வரிசைகளும் வந்தன.

அந்த மூலை விரைவிலேயே ஒரு பயிற்சிக்கூடமானது. நகரின் பிற பகுதிகளிலிருந்து தங்கள் தெருவின் காலி மனையை என்ன செய்யலாம் என்று கேட்டு மக்கள் வந்தனர். எந்தச் செடி வாகனப் புகையைத் தாங்கும், எது நாள் முழுதும் கட்டட நிழலில் நிற்கும் என்று அறியத் தன்னார்வலர்கள் சோதனைப் பாத்திகள் போட்டுப் பார்த்தனர். கண்டதைப் பட்டறைகளில் சொல்லிக்கொடுத்தனர். மிஞ்சிய கன்றுகளைக் கொடுத்தனுப்பினர். லிஸ் கிறிஸ்டி வானொலியில் தோட்ட நிகழ்ச்சி நடத்தினார். நகரச் சுற்றுச்சூழல் குழுவின் திறந்தவெளிப் பசுமைத் திட்டத்துக்கும் முதல் இயக்குநராக இருந்தார். அவர் 1985-ல் இளம் வயதிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அங்குள்ள டான் ரெட்வுட் மரம் இன்று மன்ஹாட்டனின் உயரமான மரங்களில் ஒன்று. புதைபடிவமாக மட்டுமே அறிவியல் அறிந்திருந்த இந்த இனம் 1940-களில் சீனாவில் உயிரோடு கண்டறியப்பட்டு, விதைகள் உலகெங்கும் அனுப்பப்பட்டன. ஊசியிலை மரம் என்றாலும் குளிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். இதைவிடப் பொருத்தமான பாட மரம் ஒரு தெருமுனைக்குக் கிடைப்பது கடினம்.

காலி மனையில் பயிர் செய்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கலை. மேலே கிடப்பது மண்ணே அல்ல. செங்கல் பொடி, சுண்ணாம்புக் காரை, ஆணி, கண்ணாடி. சுண்ணாம்பால் களர்த்தன்மை ஏறிய அந்தத் தரையில், அமில மண் கேட்கும் அசேலியாவும் புளூபெரியும் வெளுத்து நோஞ்சானாகிவிடும். பழைய கட்டடங்களின் வண்ணப்பூச்சிலிருந்தும் வாகன எரிபொருளிலிருந்தும் வந்த ஈயம் மண்ணில் தங்கியிருந்தது. கீரையிலும் கிழங்கிலும் அது சேரக்கூடும், மண்ணில் விளையாடும் குழந்தைகளின் வாய்க்கும் போகக்கூடும். ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்ப்பதும், பலகை அடித்து உயர்த்திய பாத்திகளில் வெளிமண்ணையும் மட்கு உரத்தையும் நிரப்புவதும் வழக்கமாயிற்று. தண்ணீருக்குத் தெருவோரத் தீயணைப்புக் குழாய்தான் வழி. அனுமதி வாங்கி, இணைப்பு பொருத்தி, நீளக் குழாயில் இழுத்தார்கள். தழையையும் சமையல் கழிவையும் மட்கவைத்து உரமாக்கும் பெட்டி இல்லாத தோட்டமே பின்னாளில் இல்லை என்றானது.

பல்கலைக்கழகங்களும் தாவரவியல் பூங்காக்களும் இந்த அறிவோடு கைகோத்தது சற்றுப் பிந்தித்தான். அமெரிக்க வேளாண் துறை 1977-ல் நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட் உள்ளிட்ட ஆறு நகரங்களில் நகர்ப்புறத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் மனை மனையாகச் சென்று கற்பித்தனர். 1978-ல் மாநகராட்சி கிரீன்தம்ப் திட்டத்தை ஏற்படுத்தி, மத்திய அரசின் மானியத்தில் மண், பலகை, வேலி, கருவிகள் கொடுத்தது. பிராங்க்ஸில் உள்ள நியூயார்க் தாவரவியல் பூங்கா 1988-ல் 'பிராங்க்ஸ் கிரீன்-அப்' என்ற பிரிவைத் தொடங்கி நிபுணர்களை வெளியே அனுப்பியது. நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில், 1970-களின் தொடக்கத்தில் இன்னொரு வழி பிறந்திருந்தது. தோட்டக் கேள்விகளோடு வந்த மக்களுக்குப் பதில் சொல்லி மாளாத விரிவாக்கப் பணியாளர்கள், ஆர்வலர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்து, அதற்கு ஈடாக ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் மணிநேரங்களைக் கேட்டுப் பெற்றனர். 'மாஸ்டர் கார்டனர்' என்ற அந்தத் திட்டம் இன்று அமெரிக்கா முழுவதும் உண்டு.

என்றாலும் நியூயார்க்கின் தோட்ட அறிவில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததல்ல, புலம்பெயர்ந்தவர்களோடு வந்தது. தென் மாநிலங்களின் பருத்தி வயல்களிலிருந்து வடக்கே வந்த கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொலார்டு கீரையும் சர்க்கரைவள்ளியும் பழகிய பயிர்கள். போர்ட்டோ ரிக்கோவினர் தோட்டத்தின் நடுவே 'கசீத்தா' எனும் மரக்குடிசையைக் கட்டி, சுற்றிலும் இனிப்பு மிளகாயும் கொத்தமல்லியும் அவரையும் வளர்த்தனர். கதை, இசை, சமையல் எல்லாம் அந்தக் குடிசைத் திண்ணையில்தான். கிழக்கு நியூயார்க் பகுதியில் வங்கதேசத்தவர் வந்த பிறகு சுரையும் பாகலும் பந்தல் ஏறின. கரீபியத் தீவினர் தண்டுக்கீரையை வளர்த்தனர். பலர் களையென்று பிடுங்கி எறிந்த செடிக்கு அங்கே தனிப் பாத்தி கிடைத்தது. பிராங்க்ஸில் கேரன் வாஷிங்டன் 1988-ல் தம் வீட்டெதிரே இருந்த குப்பை மனையைத் தோட்டமாக்க உழைத்தவர்களில் ஒருவர். பின்னாளில் நகர வேளாண்மையில் கறுப்பினத்தவரின் குரலாக நாடறிந்தவரானார். செடி பற்றிய கல்வியில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்ற பிரிவை இத்தோட்டங்கள் கரைத்துவிட்டன. அவற்றின் மிகப் பெரிய சாதனை இதுவே.

தாவரக் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு வளர்ந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 6பிசி தாவரவியல் தோட்டம். கிழக்கு ஆறாம் தெருவில் பி, சி அவென்யூக்களுக்கு இடையே இருப்பதால் அந்தப் பெயர். கைவிட்டு இடிந்த குடியிருப்புகளின் மனையை அக்கம்பக்கத்தார் 1981-ல் சுத்தம் செய்யத் தொடங்கினர். மற்றவற்றைப் போல அதுவும் ஆளுக்கொரு காய்கறிப் பாத்தியாகத்தான் தொடங்கியது. நாளடைவில் தனித்தனிப் பாத்திகள் குறைந்து, பலவகைத் தாவரங்களைச் சேர்த்துப் பார்வைக்கு வைக்கும் பொதுத் தோட்டமாக அது மாறியது. தன் பாத்தி, தன் தக்காளி என்ற உரிமையை விட்டுக்கொடுக்க உறுப்பினர்கள் உடன்பட்டால் மட்டுமே நடக்கக்கூடிய மாற்றம் இது. இன்றுவரை தன்னார்வலர்களே அதை நடத்துகின்றனர்.

இதற்கிடையே இரவல் நிலத்தின் பழைய கணக்கு திரும்பி வந்தது. தோட்டங்களால் தெருக்கள் அழகாயின. அதனால் மனை விலை ஏறியது. விலை ஏறியதும் மனைகளுக்குக் கிராக்கி வந்தது. ஆடம் பர்ப்பிள் என்பவர் 1975 முதல் லோயர் ஈஸ்ட் சைடில் வட்ட வட்டமாக விரித்த 'ஏதேன் தோட்டம்' 15,000 சதுர அடி வரை பரந்திருந்தது. மத்தியப் பூங்காவின் குதிரைச் சாணத்தை சைக்கிளில் சுமந்து வந்து மண்ணை உண்டாக்கியிருந்தார். 1986 ஜனவரியில் இயந்திரங்கள் அதைத் தரைமட்டமாக்கின. வேறு முடிவும் சாத்தியமென்று காட்டியது ஹெல்ஸ் கிச்சனின் 48-ஆம் தெருவில் 1978-ல் தொடங்கிய கிளின்டன் சமுதாயத் தோட்டம். மனையை விற்க மாநகராட்சி முனைந்ததும், ஒரு சதுர அங்குலம் 5 டாலர் என்று நிலத்தைப் பெயரளவில் விற்று மக்கள் நிதி திரட்டினர். மேயர் எட் காச்சும் ஓர் அங்குலம் வாங்கினார். 1984-ல் அத்தோட்டம் நிரந்தரப் பூங்கா நிலமாயிற்று.

மோதல் உச்சத்தைத் தொட்டது மேயர் ரூடி ஜூலியானியின் காலத்தில். 1998-ல் நூற்றுக்கணக்கான தோட்ட மனைகள் வீட்டுவசதித் துறைக்கு மாற்றப்பட்டன. 1999 மே மாதம் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏலம் விட அறிவிப்பு வந்தது. ஏழைகளுக்கு வீடு வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற ஏலத்தில் ஏழைக்கு வீடு கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தோட்டக்காரர்கள் காய்கறியாகவும் பூவாகவும் வேடமிட்டு ஊர்வலம் போயினர்; வழக்குத் தொடர்ந்தனர். முந்தைய ஆண்டு நடந்த ஓர் ஏலத்தில் ஆயிரக்கணக்கான சில்வண்டுகளை அரங்குக்குள் அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. கடைசி நேரத்தில் 'பொது நில அறக்கட்டளை' என்ற தேசிய அமைப்பும், நடிகை பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் மீட்பு அமைப்பும் அந்தத் தோட்டங்களை ஏறத்தாழ 42 லட்சம் டாலருக்கு வாங்கின. ஏலம் நின்றது. மற்றவற்றுக்கு ஆபத்து நீங்கவில்லை. 2000 பிப்ரவரி 15 அன்று, கிழக்கு ஏழாம் தெருவில் இருபதாண்டுக்கும் மேலாக இருந்த எஸ்பெரான்சா தோட்டம் இடிக்கப்பட்டது; இடிப்புக்குத் தடை விதித்த நீதிமன்ற ஆணை அதே நாள் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது.

தோட்ட மனைகளை விற்பதை எதிர்த்து மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் தொடுத்த வழக்கு, மேயர் மைக்கேல் புளூம்பெர்க் பதவியேற்ற பின் 2002-ல் சமரசத்தில் முடிந்தது. ஏறத்தாழ 200 தோட்டங்களைப் பூங்காத் துறைக்கோ அறக்கட்டளைகளுக்கோ கொடுக்கத் தீர்மானமாயிற்று. ஏறத்தாழ 150 மனைகள் வீடு கட்ட ஒதுக்கப்பட்டன, அவற்றில் 38 உடனடியாக. வீடு வரவிருந்த மனையின் தோட்டக்காரர்களுக்கு வேறு இடம் காட்டவேண்டும் என்ற நடைமுறையும் சேர்ந்தது. உடன்பாட்டின் காலம் 2010-ல் முடிந்ததும் மாநகராட்சி புதிய விதிகளை வகுத்தது. கிரீன்தம்ப் உரிமம் பெற்ற தோட்டம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்குக் குறைந்தது 20 மணிநேரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். நேரத்தை வாயிலில் எழுதி வைக்க வேண்டும். பொது நிகழ்ச்சி நடத்த வேண்டும். விதை சேமிப்பு, கத்தரிப்பு, தேனீ வளர்ப்பு, மட்கு உரம் பற்றிய இலவசப் பட்டறைகளைத் திட்டமே ஆண்டு முழுதும் நடத்துகிறது. பொது நில அறக்கட்டளை வாங்கிய தோட்டங்கள் பின்னர் புரூக்லின்-குயீன்ஸ், பிராங்க்ஸ், மன்ஹாட்டன் நில அறக்கட்டளைகளின் பெயருக்கு மாற்றப்பட்டன. அவற்றின் நிர்வாகத்தில் தோட்டக்காரர்களே அமர்ந்திருக்கிறார்கள். குப்பை அள்ளிய மனைகளின் உரிமைப் பத்திரம் இப்போது அவர்களின் அமைப்பிடம் இருக்கிறது. உரிமத்தில் மட்டும் நிற்கும் தோட்டங்களுக்கு அந்த உறுதி இன்னும் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும்.